சிந்தனை வினாவுக்குக் கரும்பலகையில் விடை எதற்கு?

தாகத்தில் தவித்த காகம் பானையில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீரை மேலே வரவழைத்த கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. “காகம் என்ன செய்தது?” என்று கேட்டால் இரண்டாம் வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்லிவிடும். அதே கதையில் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பானையின் அடியில் தண்ணீர் மிகக் கொஞ்சமாக இருந்திருந்தால், எத்தனை கல் போட்டாலும் அது மேலே வந்திருக்குமா?

இதற்கு விடை தேட ஒரு கண்ணாடி டம்ளரும் இரண்டு கை கூழாங்கல்லும் போதும். டம்ளரில் பாதி அளவு தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டால், கல் விளிம்பை எட்டுவதற்குள் தண்ணீர் வழிந்துவிடும். கால் டம்ளர் ஊற்றிப் போட்டால், கல் விளிம்பு வரை நிரம்பிய பிறகும் தண்ணீர் பாதியைக் கொஞ்சம் தாண்டி அங்கேயே நின்றுவிடும். “கல்லுக்கு நடுவுல சந்து இருக்குல்ல, தண்ணி அதுக்குள்ள போயிடுது” என்று நான்காம் வகுப்புப் பிள்ளை சொல்லும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. ஒழுங்கற்ற கற்களைக் கொட்டி நிரப்பினால் மொத்த இடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு சந்தாகவே இருக்கும். சின்னக் கல்லாகப் போட்டால்? பெரிதும் சிறிதுமாகக் கலந்து போட்டால்? வகுப்பில் கொத்தனார் வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால், ஜல்லிக்கு நடுவில் மணல் போய் அடைத்துக்கொள்வதை நினைவுபடுத்தும். கதை முடிந்த இடத்திலிருந்து அளவு, கொள்ளளவு, சோதனை, விவாதம் என்று ஒரு வாரத்துக்கான வேலை கிளம்பிவிடும்.

2009-ஆம் ஆண்டு கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கதையை உண்மையான பறவைகளிடமே சோதித்துப் பார்த்தார்கள். ‘ரூக்’ எனப்படும் ஐரோப்பியக் காக வகையின் முன்னால், தண்ணீரில் புழு மிதக்கும் குழாயும் சில கற்களும் வைக்கப்பட்டன. பறவைகள் கல்லைப் போட்டுப் புழுவை எட்டின. அது மட்டுமன்று, சிறு கற்களை விட்டுப் பெரிய கற்களைப் பொறுக்கின. மரத்தூள் நிரப்பிய குழாயில் கல் போட்டுப் பயனில்லை என்பதையும் கற்றுக்கொண்டன. ஒரு நீதிக்கதையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ‘இது நடக்குமா?’ என்று கேட்டதால் பிறந்த அறிவு இது. அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எட்டு வயதுக் குழந்தைக்கும் உண்டு.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை உணராதவை அல்ல. 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் புதிதாக வந்த நூல்களைப் புரட்டினால், தொடக்க வகுப்புத் தமிழில் ‘வாங்க பேசலாம்’, ‘சிந்திக்கலாமா?’ போன்ற பகுதிகளும், ஆறாம் வகுப்புக்கு மேல் ‘சிந்தனை வினா’, ‘உயர் சிந்தனை வினா’ என்ற தலைப்புகளும் கண்ணில் படும். கோடிட்ட இடமும் பொருத்துகவும் மட்டுமே நிறைந்திருந்த பழைய பயிற்சிப் பக்கங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அந்த நூல்களை உருவாக்கிய ஆசிரியர்களும் வல்லுநர்களும் இதற்காகப் பாராட்டப்பட வேண்டியவர்கள்.

வினாக்களை இப்படி வகை பிரிக்கும் முறையின் வேர் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் குழுவினரும் 1956-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. 2001-இல் லோரின் ஆண்டர்சனும் டேவிட் கிராத்வோலும் அதைத் திருத்தி, நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்ற ஆறு படிநிலைகளாக அமைத்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் இந்த ஆறும் மனப்பாடமாகிவிடுகிறது. ஆனால் ஒரு வினா எந்தப் படிநிலையில் நிற்கிறது என்பதை அதன் வாசகம் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தக் குழந்தை விடைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே முடிவு செய்கிறது. ‘படைத்தல்’ நிலையில் எழுதப்பட்ட வினாவுக்குக் கரும்பலகையில் விடை எழுதிப்போட்டால், அந்த நொடியே அது ‘பார்த்து எழுதுதல்’ ஆகிவிடுகிறது.

நடைமுறையில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. பாடம் முடிந்ததும் பயிற்சி வினாக்கள் வரிசையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஐந்தாவது வினாவுக்கு விடை சொல்லப்படுவது போலவே ‘சிந்திக்கலாமா?’ பகுதிக்கும் நான்கு வரி சொல்லப்படுகிறது. கைடுகளில் அதற்கும் விடை அச்சாகியிருக்கிறது. யூடியூபில் பக்க எண்ணோடு விடை காட்டும் காணொளிகள் கிடைக்கின்றன. முப்பது குறிப்பேடுகளைத் திறந்தால் முப்பதிலும் ஒரே வாக்கியம், ஒரே காற்புள்ளி. ‘உன் ஊரில் நீ பார்த்த மாற்றம் என்ன?’ என்ற வகைக் கேள்விக்குக்கூட எல்லாக் குழந்தைகளும் ஒரே மாற்றத்தைப் பார்த்ததாக எழுதியிருப்பார்கள்.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. பார்வையிட வரும் அதிகாரி குறிப்பேட்டைப் புரட்டுகிறார். எல்லா வினாவுக்கும் விடை இருக்கிறதா, சிவப்பு மையில் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதே அவர் கண்ணில் படுகிறது. பெற்றோர் வீட்டில் புரட்டும்போது காலியாக விடப்பட்ட இடத்தைக் கண்டால், டீச்சர் சரியாக நடத்தவில்லை என்று நினைக்கிறார்கள். பிழையோடும் கோணலோடும் குழந்தை சொந்தமாக எழுதிய இரண்டு வரி, கல்வி நடந்ததற்கான சான்று என்று இந்த இருவரில் எவரும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த நெருக்கடியில் இருக்கும் ஆசிரியர் விடையைச் சொல்லி எழுதவைத்துவிடுவது இயல்பு.

அப்படி ஐந்து ஆண்டுகள் பழகிய குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது? பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர் குழு ஒன்று 1970-களின் முடிவில் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்லும். “ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?” என்று ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் கொடுக்கப்பட்ட எண்களை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு வயதைச் சொன்னார்கள். இவர்கள் மந்தமான பிள்ளைகள் அல்லர். கடையில் பாக்கிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கும் வயதுதான். வகுப்பறையில் கேட்கப்படும் கேள்விக்கு விடை இருந்தே தீரும், கொடுத்த எண்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டும், கேள்வியைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்ற மூன்று விதிகளை யாரும் சொல்லாமலே அவர்கள் கற்றிருந்தார்கள்.

2018-இல் சீனாவின் ஷுன்சிங் மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் இதே கேள்வி இடம்பெற்றது. படம் இணையத்தில் பரவி, கேள்வியே தவறு என்று பலர் கொதித்தார்கள். தவறு இல்லை, மாணவர்களின் ஐயப்படும் திறனைச் சோதிக்கவே கேட்டோம் என்று கல்வித் துறை விளக்கம் தந்தது. கொடுத்த தகவலை வைத்து வயதைச் சொல்ல முடியாது என்று சில குழந்தைகள் எழுதியிருந்தார்கள். இணையத்தில் ஒருவர் ஆடுகளின் மொத்த எடையைக் கணக்கிட்டு, அத்தனை எடையுள்ள சரக்குக் கப்பலை ஓட்டும் உரிமத்துக்கு எத்தனை ஆண்டு அனுபவம் தேவை என்று சட்டத்தைப் பார்த்து, தலைவருக்கு 28 வயதாவது இருக்கும் என்று வாதிட்டார். ‘சொல்ல முடியாது’ என்பதும் சரி, ‘28-க்குக் குறையாது’ என்பதும் சரி. இரண்டுக்கும் பின்னால் காரணம் நிற்கிறது. 36 என்ற விடைக்குப் பின்னால் கூட்டல் குறி மட்டுமே நிற்கிறது.

வினாக்களையும் கொஞ்சம் கறாராகப் பார்க்கத்தான் வேண்டும். சிந்தனை வினா என்ற பெயரில் வருபவற்றில் கணிசமானவை நல்லொழுக்க வினாக்கள். மரங்களை வெட்டலாமா, பொய் சொல்லலாமா, முதியோரை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டால், பெரியவர்கள் எதிர்பார்க்கும் விடை எது என்று குழந்தைக்குக் கேள்வி முடியும் முன்பே தெரியும். அங்கே யோசிக்க எதுவும் இல்லை. பள்ளிக்கு முன்னால் நிற்கும் புளியமரத்தை வெட்டினால்தான் ஊருக்கு அகலமான சாலை வரும், ஆம்புலன்ஸ் உள்ளே வரும் என்ற நிலையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், அதே குழந்தை நிமிர்ந்து உட்காரும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மரத்தைச் சுற்றிச் சாலையை வளைக்கலாமே என்பாள் ஒருத்தி. வளைத்தால் யார் வீடு போகும் என்பான் இன்னொருவன்.

கணக்கிலும் இதற்கு வழி உண்டு. 52-இலிருந்து 27-ஐக் கழி என்பது பயிற்சிக் கணக்கு. இதையே இப்படிக் கேட்கலாம்: “ஒரு பிள்ளை 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருக்கிறாள். அவள் எப்படி யோசித்திருப்பாள்?” ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்றதும், கடன் வாங்காமல் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள், பத்தின் இடத்தில் 5-இலிருந்து 2 போக 3 போட்டிருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கழித்தல் அதன் பிறகு மறக்காது. இன்னொருவரின் தவற்றுக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை அது சேர்த்தே கற்றுக்கொள்கிறது. இப்படிப்பட்ட வினாவுக்குப் புதிய அச்சுப் புத்தகமோ தனி நிதியோ தேவையில்லை. நேற்றைய சிலேட்டில் ஒரு குழந்தை எழுதிய தவறு போதும்.

இத்தகைய வினாக்களைத் தேர்வுத்தாளில் கட்டாயமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அதைச் செய்து பார்த்த நாடு மலேசியா. 15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறனை அளக்கும் பிசா ஆய்வின் 2009 சுற்றில், சற்றுத் தாமதமாக இணைந்தவர்களில் மலேசியாவும் இருந்தது, இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இருந்தன. பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளில் இந்திய மாநிலங்கள் இரண்டும் கிட்டத்தட்டக் கடைசியில் நின்றன. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337, மலேசியாவின் சராசரி 414. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. மலேசியா விலகவில்லை. 2013-இல் வெளியிட்ட, 2025 வரையிலான கல்வித் திட்டத்தில், ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் 2016-க்குள் குறைந்தது 40 விழுக்காடு வினாக்கள் உயர்நிலைச் சிந்தனை வினாக்களாக இருக்கும் என்று அறிவித்தது.

அங்குள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ‘உயர்நிலைச் சிந்தனைத் திறன்’ என்பது அன்றாடச் சொல்லாயிற்று. 2016-இல் புதிய வடிவத் தேர்வு நடந்தபோது, நாடு முழுவதும் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றவர்கள் சுமார் ஒரு விழுக்காட்டினர் மட்டுமே. பெற்றோர் பதறினார்கள். உயர்நிலைச் சிந்தனை வினாக்களுக்கென்றே மாதிரி விடைகளோடு பயிற்சி நூல்களும் தனிவகுப்புகளும் பெருகின. சிந்திப்பதற்கும் ஒரு வார்ப்பு விடை தயாராகிவிட்டது. 2021-இல் அந்தத் தேர்வையே மலேசியா கைவிட்டது. 2022 பிசா ஆய்வில் அந்நாட்டின் வாசிப்புச் சராசரி 388. பெருந்தொற்று நடுவில் வந்ததால் முழுப் பழியையும் தேர்வின் மீது போட முடியாது. ஆனாலும் வினாத்தாளை மாற்றியது மட்டும் வகுப்பறையை மாற்றவில்லை என்பது தெளிவு. விலகி ஓடாமல் தன் குறையை ஒப்புக்கொண்ட மலேசியாவின் துணிவு மதிக்கத்தக்கது. அவர்கள் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொள்வது நமக்கு எளிது.

தமிழ்நாட்டின் தொடக்கப்பள்ளிக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அங்கே பொதுத்தேர்வு இல்லை. 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் வந்த அறிவிப்பு, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அது அன்று நடைமுறைக்கு வந்திருந்தால், ‘சிந்திக்கலாமா?’ பகுதிக்கு ஐந்து மதிப்பெண், அதற்கு ஐந்து வரி விடை, அதற்கொரு மாதிரி வினாத்தாள் என்று கதை வேறு திசையில் போயிருக்கும். 2012-இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீடு, எழுத்துத் தேர்வுக்கு வெளியே பேச்சுக்கும் செயலுக்கும் மதிப்பெண் தர இடம் வைத்திருந்தது. ஆகவே ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியர் சிந்தனை வினாவுக்கு விடை எழுதிப்போடாமல் விட்டால், எந்தப் பொதுத்தேர்விலும் எந்தக் குழந்தையும் ஒரு மதிப்பெண்ணையும் இழக்கப்போவதில்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாத இந்த ஐந்து ஆண்டுகளில்கூட விடையைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கினால், பத்தாம் வகுப்பில் போய்ச் சுயமாக எழுது என்று கேட்பது எப்படி நியாயமாகும்?

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. அது கனமானது. “எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராத பிள்ளையிடம் என்ன சார் உயர் சிந்தனை?” என்கிறார்கள். பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் ஊரகப் பகுதிகளில் நடந்த ஏசர் கற்றல் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 5 விழுக்காடுதான். அந்த ஆண்டே ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் முயற்சி வந்தது. அடிப்படை எழுத்தறிவுக்கு முதலிடம் தந்தது சரியான முடிவு, அதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

ஆனால் வாசிப்பு வந்த பிறகே சிந்தனை என்று வரிசை கட்டுவது தவறு. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் வாய் இருக்கிறது, வீட்டில் ஆட்டுக்குட்டி ஏன் பால் குடிக்கவில்லை என்று காரணம் கண்டுபிடிக்கும் அறிவு இருக்கிறது. புளூமின் படிநிலைகளை ஏணியாகப் பார்த்துப் பழகியதால் வந்த கோளாறு இது. கடைசி வினா ‘மீத்திறன்’ பிள்ளைகளுக்கு, ‘மெல்லக் கற்போருக்கு’ முதல் நான்கு வினா போதும் என்று பிரித்துவிடுகிறோம். மெல்லக் கற்பவர் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைக்கு ஐந்து ஆண்டுகளும் பார்த்து எழுதும் வேலை மட்டுமே கிடைக்கிறது. தான் நினைப்பதை வகுப்பு ஒருமுறையேனும் கேட்கும் என்ற ஆசை இருந்தால்தானே அது படிக்க முயலும்? அதனால் தொடக்க வகுப்பில் சிந்தனை வினா முதலில் வாய்மொழியாக இருக்கட்டும். குறிப்பேட்டில் அதற்கு விடை வேண்டாம்.

கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பது அடுத்த தேவை. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் ஏராளமான அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள், அதற்குள் விடை வராவிட்டால் வேறு பிள்ளையிடம் போனார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகியதும் விடைகள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி மௌனம் வகுப்பறையில் மிக நீளமாகத் தெரியும். அதைத் தாங்குவது பயிற்சியால் வரும் திறன்.

இதற்கும் சூழல் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோல்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பிரித்துக்கொண்டு, இடையில் செயலியில் வருகைப்பதிவும் புள்ளிவிவரமும் ஏற்றும் ஒருவரிடம், ஒவ்வொரு குழந்தையின் காரணத்தையும் நின்று கேள் என்பது எளிதான கோரிக்கை அன்று. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கோரிக்கையும் சிந்தனை வினா பற்றிய பேச்சும் வேறு வேறல்ல. அது கைகூடும் வரை, ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, பல வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே கேள்விக்குச் சொல்லும் விடைகளைக் கேட்டால், அவர்களைப் பற்றி ஆசிரியருக்குத் தேர்வுத்தாளில் கிடைக்காத செய்தி கிடைக்கும்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் செய்யக்கூடியதும் உண்டு. ஆசிரியர் கையேட்டில் சிந்தனை வினாக்களுக்கு விடை அச்சிடுவதற்குப் பதிலாக, குழந்தைகள் சொல்லக்கூடிய நான்கைந்து விடைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்வியையும் தரலாம். “மரத்தை வெட்டிட்டு ரெண்டு கன்னு நடலாம்” என்று குழந்தை சொன்னால், “கன்னு வளர்ற வரைக்கும் நிழலுக்கு எங்க போறது?” என்பது அடுத்த கேள்வி. பார்வையிட வரும் அலுவலர்களுக்கு, சிந்தனை வினாவின் விடையைக் குறிப்பேட்டில் தேட வேண்டாம், குழந்தையிடம் நேரில் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு சுற்றறிக்கை போதும். குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் கூடும்போது, ஒவ்வொருவரும் தம் வகுப்பில் ஒரே வினாவுக்குக் கிடைத்த மூன்று விடைகளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கட்டும். மூன்றும் ஒன்றுபோல இருந்தால், எங்கே விடை கசிந்தது என்று அங்கேயே பேசித் தீர்க்கலாம். வரும் பருவத்தின் முதல் பாடத்திலிருந்தே இதைத் தொடங்க முடியும்.